கிரானைட் தூளா, மூட்டை ஃபெல்ட்ஸ்பாரா?

கிரானைட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார் என்ற தாதுதான். சிங்கப்பூர் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிரானைட்டின் மேல்தான் இருக்கிறது. சமையலறை மேடைக்குக் கல் வெட்டும் பட்டறைகளில் கிரானைட் சேறு வாளி வாளியாகச் சேர்ந்து, காசு கொடுத்து அள்ளிப் போக ஆள் கூப்பிடுகிறார்கள். இப்படி இருக்கும்போது, பாண்டத்தின் மேல் கண்ணாடி போலப் படியும் பூச்சான கிளேஸுக்கு வேண்டிய ஃபெல்ட்ஸ்பாரை இந்தியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வரும் மூட்டையாக ஏன் வாங்க வேண்டும்? இங்கே மண்பாண்டம் செய்யும் நம் ஆட்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. "தூள் சும்மாவே கிடைக்குதே, நாமளே பிரிச்சுக்கிட்டா என்ன?" ஊரில் குவாரி வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் இதே கேள்வியைப் பெரிய அளவில், முதலீட்டுப் பேச்சோடு கேட்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரானைட்டிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியது இரும்பு. குவார்ட்ஸை, அதாவது வெங்கச்சங்கல்லை, பெரும்பாலான வேலைகளுக்குப் பிரிக்கவே தேவையில்லை. ஆனால் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எல்லோரும் குவார்ட்ஸைப் பிரிப்பது எப்படி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். செலவும் ஆபத்தும் இருப்பது அந்தப் படியில்தான்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவோம். சராசரி கிரானைட்டில் சுமார் 60 சதவீதம் ஃபெல்ட்ஸ்பார், 30 சதவீதம் குவார்ட்ஸ், மீதி கருப்பாகத் தெரியும் பயோடைட் மைக்கா, ஹார்ன்பிளெண்ட், கொஞ்சம் மேக்னடைட். வேதியியல் கணக்கில் அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு, 14 சதவீதம், பொட்டாசியம், சோடியம் ஆக்சைடுகள் சேர்ந்து 8 சதவீதம், இரும்பு ஆக்சைடு 2 முதல் 3 சதவீதம் வரும். சுத்தமான பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரில் பொட்டாசியம் ஆக்சைடு மட்டும் 16.9 சதவீதம். சோடா ஃபெல்ட்ஸ்பாரில் சோடியம் ஆக்சைடு 11.8 சதவீதம். பீங்கானிலும் கண்ணாடியிலும் நமக்கு வேண்டியது இந்த இரண்டும் அலுமினாவும்தான். சூட்டில் முதலில் உருகி மற்றதை இழுத்துப் பிடித்து ஒட்டவைப்பது ஃபெல்ட்ஸ்பார். கண்ணாடியில் அது கொண்டுவரும் அலுமினா, தண்ணீரும் காலமும் அரிக்காமல் காக்கிறது.

சரி, கல் எங்கிருந்து? பூலாவ் ஊபின் தீவின் கிரானைட் 1851இல் விளக்கேற்றிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குப் போனது, பிறகு ஜொகூர் கடற்பாலத்துக்கும் போனது. ஊபினின் கடைசிக் குவாரி 1999இல் மூடப்பட்டது. புக்கித் தீமா பக்கத்துப் பழைய குவாரிகள் இன்று இயற்கைப் பூங்காக்கள், அங்கே கல் பொறுக்குவது குற்றம். நம் வீட்டுப் பக்கம் பள்ளம் தோண்டும்போது கிடைப்பதும் உதவாது. இந்த வெயிலும் மழையும் கிரானைட்டின் மேற்பகுதியைப் பல இடங்களில் 20, 30 மீட்டர் ஆழம் வரை செம்மண்ணாக்கிவிட்டன. அந்த மண்ணில் குவார்ட்ஸ் மணல் மிஞ்சியிருக்கும். ஃபெல்ட்ஸ்பார் எப்போதோ களிமண்ணாகிப் போயிருக்கும். ஆகவே நம் கையில் சிக்குவது இரண்டே பொருள்: மேடைக்கல் பட்டறைச் சேறு, இல்லாவிட்டால் கட்டுமானத்துக்காக ஜொகூரிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் ஜல்லியோடு சேர்ந்த கிரஷர் தூள். ஊரில் எம்-சாண்ட் என்கிறார்களே, ஏறக்குறைய அந்த வகை.

பட்டறைச் சேறுதான் இலவசம். ஆனால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. முதல் காரணம், அது என்ன கல் என்றே தெரியாது. கல் வியாபாரத்தில் கடினமாக இருப்பதெல்லாம் கிரானைட்தான். ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி, கேப்ரோ இனத்துக் கருங்கல். அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பாரில் கால்சியமும், கூட இருக்கும் கருப்புத் தாதுக்களில் இரும்பும் அதிகம். மதுரை மேலூர்ப் பக்கத்துக் காஷ்மீர் ஒயிட் பார்க்க வெளுப்பாக இருக்கும், ஆனால் அதில் மிளகு அளவில் செம்புள்ளிகளாகத் தெரிவது கார்னெட், இரும்புள்ள தாது. அதே பட்டறையில் மார்பிளும் வெட்டுவார்கள், செயற்கைக் குவார்ட்ஸ் பலகையும் வெட்டுவார்கள். அந்தப் பலகையில் 90 சதவீதம் வரை குவார்ட்ஸ், மீதி ரெசின், ஃபெல்ட்ஸ்பார் பேருக்குக்கூட இருக்காது. அதன் தூசு நுரையீரலுக்குச் செய்த கேட்டைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து அந்தப் பலகையையே தடை செய்தது.

அப்படியும் சேறுதான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு எளிய சோதனைகள் உண்டு. காய்ந்த தூளில் வினிகர் விடுங்கள், பொங்கினால் மார்பிள் கலந்திருக்கிறது. பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் 100 கிராம் எடைபோட்டு 1000 டிகிரிக்குச் சுட்டு மறுபடி எடை பாருங்கள். உண்மையான கிரானைட் ஒரு கிராம் அளவுகூடக் குறையாது. ஏழெட்டு கிராம் காணாமல் போனால் ரெசின் எரிந்துவிட்டது அல்லது மார்பிள் சுண்ணாம்பாகிவிட்டது என்று அர்த்தம். அந்த வாளியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சூளையைச் சுடும்போது சன்னல் திறந்திருக்கட்டும், ரெசின் புகை நல்லதில்லை.

இரண்டாவது காரணம் பருமன். வைர வாள் வெட்டிய சேற்றில் பெரும்பகுதி 75 மைக்ரானுக்கும் கீழே இருக்கும். கிளேஸுக்கு அந்த நைசு நல்லது, அரைக்கும் வேலை மிச்சம். ஆனால் பிரிப்பதற்கு அது கெடுதல், ஏன் என்று கீழே வரும். கண்ணாடிக்கு அறவே ஆகாது. கண்ணாடி உலைக்குச் சர்க்கரை அளவு மணிகள் வேண்டும், மாவு போட்டால் உலைக் காற்றோடு பறக்கும், மீதி கட்டி கட்டியாக உருகாமல் நிற்கும்.

அப்படியே போட்டால் என்ன?

இதற்குத்தான் நான் அதிகம் வாதாடுவேன். சுமார் 1300 டிகிரியில் சுடும் கிளேஸுக்கு நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு பழைய கணக்கு உண்டு: ஃபெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, சுண்ணாம்புக்கல் தூள் 20, கயோலின் என்ற வெள்ளைக் களிமண் 10. இதைக் கிரானைட்டில் எழுதிப் பாருங்கள். 40 பங்கு ஃபெல்ட்ஸ்பார் வேண்டுமென்றால் 65 பங்கு கிரானைட் போட வேண்டும். அதிலேயே 20 பங்கு குவார்ட்ஸ் வந்துவிடுகிறது. அப்புறம் 10 பங்கு குவார்ட்ஸை மட்டும் சேர்த்தால் போதும், சுண்ணாம்பும் கயோலினும் பழையபடியே. கணக்கு அப்படியே சரியாகிறது. ஆக, கஷ்டப்பட்டுப் பிரித்து வெளியே எறிந்திருக்க வேண்டிய குவார்ட்ஸை, கடையிலிருந்து வாங்கி மறுபடி உள்ளே போட்டிருப்போம்!

மிச்சம் இருப்பது இரும்பு. 65 பங்கு கிரானைட் கொண்டுவரும் இரும்பு ஆக்சைடு, மொத்தக் கிளேஸில் ஒன்றரை சதவீதம் அளவுக்கு வரும். இது நல்லதா கெட்டதா என்பதைச் சூளைதான் முடிவு செய்யும். ஆக்சிஜனைக் குறைத்துச் சுடும் விறகுச் சூளையிலும் எரிவாயுச் சூளையிலும் இதே ஒன்றரை சதவீதம் செலடான் பச்சையைத் தரும், அதற்காகவே இரும்பைத் தேடிப் போடுகிறவர்கள் உண்டு. ஜாலான் பஹார் பக்கத்தில் 1940இல் கட்டிய டிராகன் சூளை இன்னும் நிற்கிறது. ரப்பர் தோட்டங்களில் பால் பிடிக்கும் கோப்பைகளைச் சுட்டுக் கொடுத்த சூளை அது. மலாயாத் தோட்டங்களில் அந்தக் கோப்பைகளை மரத்துக்கு மரம் கட்டியவர்களில் நம் தாத்தா பாட்டிகளும் இருந்திருப்பார்கள். அந்த மாதிரிச் சூளையில் சுடுகிறவருக்குக் கிரானைட் தூள் அப்படியே கிடைத்தால் அதுவே கொள்ளை லாபம்.

மின்சூளை வேறு கதை. நம்மில் பெரும்பாலோர் மின்சூளையில், காற்றோட்டத்தோடு, 1220 டிகிரி அளவில்தான் சுடுகிறோம். அங்கே அதே கிளேஸ் வைக்கோல் மஞ்சளாகவோ மங்கிய பழுப்பாகவோ வரும், சரியாக உருகவும் உருகாது. போரான் உள்ள ஃபிரிட், அதாவது உருக்கி அரைத்த கண்ணாடித் தூள், சேர்க்காமல் அந்தச் சூட்டில் கிரானைட் இளகாது. பழுப்பு பிடிக்கும் என்றால் சரி. வெள்ளை வேண்டுமென்றால் இந்த வழி வேண்டாம்.

காந்தம் மட்டும்

கருப்பு மணிகளை எடுத்துவிட்டு, ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்த வெள்ளை மணலை அப்படியே வைத்துக்கொள்வது அடுத்த வழி. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் சேற்றுக்கு அல்ல, கிரஷர் தூளுக்கு. கிரானைட்டின் மணிகள் பொதுவாக ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல். அரை மில்லிமீட்டருக்குக் கீழே உடைத்தால் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அரை மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, நீரில் கழுவி நைசான தூசைப் போக்கி, அடுப்பில் நன்றாகக் காயவைக்க வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் காயவைக்காத தூள் ஒரு மணி நேரத்தில் கட்டி பிடிக்கும், பிறகு காந்தத்தோடு வெள்ளை மணியும் ஒட்டிக்கொண்டு வரும்.

காய்ந்த மணலை வெள்ளைத் தாளில் ஒரு மணி கனத்துக்குப் பரப்பி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய நியோடைமியம் காந்தத்தை மேலே கொண்டுபோங்கள். மேக்னடைட் முதலில் துள்ளிக் குதித்து ஒட்டும், தாடி போல நீட்டிக்கொண்டு நிற்கும். பயோடைட் தகடுகள் அவ்வளவு சுறுசுறுப்பில்லை. காந்தம் தாளைத் தொடும் அளவுக்கு வந்தால்தான் மெல்லப் புரண்டு எழும். ஆகவே இரண்டாவது, மூன்றாவது முறை தாழ்வாக ஓட்ட வேண்டும். உறையைக் காந்தத்திலிருந்து உருவினால் கருப்பு கீழே உதிரும். ஆலைகளில் இதையே அரிய உலோகக் காந்த உருளைகள், ஒரு டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தில், டன் கணக்கில் செய்கின்றன. அங்கேயும் உலர்ந்த தூள் 75 மைக்ரானுக்குக் கீழே போனால் உருளை திணறும். பட்டறைச் சேறு இங்கே தோற்பது அதனால்தான். அவ்வளவு நைசுக்கு நீரில் கலக்கி, அதிகப் புலமுள்ள ஈரக் காந்தப் பிரிப்பான் வழியாக விட வேண்டும். அது வீட்டு வேலை இல்லை.

காந்தத்துக்கு அடங்காதவை இரண்டு. வெள்ளை மைக்கா, அதாவது மஸ்கோவைட், ஒட்டாது. அது இரும்பு குறைவு, பெரிய தொல்லையில்லை. இன்னொன்று ஃபெல்ட்ஸ்பார் மணியின் மேலேயே படிந்த துருக்கறை. இளஞ்சிவப்புக் கிரானைட்டில் இது நிறையவே உண்டு. அமிலத்தில் ஊறவைத்துத்தான் எடுக்கலாம், நான் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன். வெளுத்த சாம்பல் கிரானைட்டாகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

காந்தம் ஓட்டிய மணலில் இரும்பு 0.4 சதவீதத்துக்கு இறங்கினதாக வைத்துக்கொண்டு மேலே சொன்ன கிளேஸை மறுபடி எழுதுங்கள். மணல் 60, குவார்ட்ஸ் 10, சுண்ணாம்பு 20, கயோலின் 10. மொத்த இரும்பு 0.24 சதவீதம். மின்சூளையிலும் இது வெள்ளைக்கு அருகில் நிற்கும். இந்த மணலைக் கிளேஸுக்கு நைசாக அரைக்க வேண்டும், அந்த வேலை கூடுதல்தான். அரைப்பது நீரோடு மட்டும். சிங்கப்பூரில் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் ஒரு காலத்தில் கிரானைட் குவாரித் தொழிலாளர்களைத்தான் அதிகம் பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத குவார்ட்ஸ் தூசுதான் காரணம். வீட்டு வராந்தாவில் உலர் தூளைச் சலிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முகமூடி, ஈரத்துணி, வெளியிடம். இதில் பேரம் இல்லை.

முழுமையாகப் பிரிப்பது

ஃபெல்ட்ஸ்பாரைக் குவார்ட்ஸிலிருந்தும் பிரிப்பதென்றால் எடை உதவாது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் 2.56, சோடா ஃபெல்ட்ஸ்பார் 2.62. அரிசியில் கல் அரிப்பது போல அரித்துப் பிரிக்க இந்த வித்தியாசம் போதாது. நிறமும் உதவாது, காந்தமும் உதவாது. மிஞ்சுவது மிதப்பு முறை ஒன்றுதான்: நீரில் கலக்கிய தூளில் ஒரு தாதுவின் மேல்பரப்பை மட்டும் எண்ணெய்ப் பசை பிடிக்கவைத்து, காற்றுக் குமிழியோடு நுரையில் மேலே கொண்டுவருவது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்புரூஸ் பைன் என்ற ஊரில் பல பத்தாண்டுகளாக இதை மூன்று கட்டமாகச் செய்கிறார்கள். கந்தக அமிலத்தில் அமைன் என்ற பசை பிடிக்கவைக்கும் ரசாயனத்தைச் சேர்த்து முதலில் மைக்காவை மிதக்கவிடுவார்கள். அடுத்து பெட்ரோலிய சல்ஃபோனேட்டில் கார்னெட் போன்ற இரும்புத் தாதுக்கள் மேலே வரும். கடைசியில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் போட்டு, மறுபடி அமைனோடு, ஃபெல்ட்ஸ்பாரை எடுப்பார்கள். குவார்ட்ஸ் அடியில் தங்கும்.

அந்த அமிலம்தான் இங்கே சூத்திரதாரி. கார அமில அளவு (pH) 2, 3இல் குவார்ட்ஸ் மணியின் மேல் மின்னேற்றம் ஏறக்குறைய பூஜ்யம், ஃபுளோரைடு பட்ட ஃபெல்ட்ஸ்பார் மட்டும் எதிர்மின்னேற்றம் பெறும், நேர்மின்னேற்றமுள்ள அமைன் அதில் போய் ஒட்டும். அழகான வேதியியல், அபாயமான பொருள். தோலில் பட்டால் வலி தெரியும் முன்பே உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சிங்கப்பூரில் இது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அபாயப் பொருள் பட்டியலில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. கழிவுநீரும் சும்மா விடாது: பொதுச் சாக்கடைக்குள் விடும் தொழிற்சாலை நீரின் கார அமில அளவு 6க்கும் 9க்கும் நடுவில் இருக்க வேண்டும், ஃபுளோரைடுக்குத் தனி வரம்பு உண்டு. அந்தத் தண்ணீர்தான் சுத்திகரித்து மறுபடி நியூவாட்டராக வருகிறது, ஆகவே தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் இதில் கண்டிப்பாக இருப்பது நியாயம்தான்.

ஹைட்ரோஃபுளோரிக் இல்லாமலும் செய்யலாம். கந்தக அமிலத்தில் அமைனையும் சல்ஃபோனேட்டையும் சேர்த்துப் போடும் முறைகள் உண்டு. ஆனால் அளவு கொஞ்சம் தப்பினாலும் குவார்ட்ஸும் சேர்ந்து மிதக்கும், தண்ணீரில் உப்பு ஏறினாலும் கெடும். அமிலச் சேறும் நைசு கழிவும் மிஞ்சத்தான் செய்யும். ஒரு பட்டறைக்கோ ஐந்தாறு பேர் சேர்ந்த குழுவுக்கோ இது வழியே இல்லை. இதைப் பற்றி இதற்கு மேல் யோசிக்காதீர்கள்.

ஸ்புரூஸ் பைனில் இது கட்டுப்படியாவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அங்கே அடியில் தங்கும் குவார்ட்ஸ் உலகிலேயே மிகச் சுத்தமானவற்றில் ஒன்று. சிலிக்கான் படிகம் வளர்க்கும் மூசைகள் அதிலிருந்துதான் பெரும்பாலும் செய்யப்படுகின்றன. பாசிர் ரிஸ், உட்லண்ட்ஸ் பக்கத்தில் கணினிச் சில்லு செய்யும் வேஃபர் ஆலைகளுக்குள் போகும் சிலிக்கானுக்கும் அந்த மலைக்கும் அப்படி ஒரு தொடர்பு. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்த ஊரை அடித்தபோது சில்லுத் தொழிலே கவலைப்பட்டது அதனால்தான். உங்கள் கிரானைட்டின் குவார்ட்ஸ் அந்த ரகம் இல்லையென்றால், அதைப் பிரித்து எடுத்து யாருக்கு விற்பீர்கள்?

மூட்டை

இந்திய மூட்டை ஏன் அவ்வளவு சுத்தமாகவும் கட்டுப்படியாகவும் இருக்கிறது என்றால், அது கிரானைட்டிலிருந்து வருவதே இல்லை. பெக்மடைட் என்ற கல்லில் இயற்கையே பிரித்து வைத்திருக்கிறது. கிரானைட்டில் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் அங்கே தலை அளவு கட்டியாக, சில இடங்களில் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். சுத்தியலால் தட்டி, கண்ணால் பார்த்து, கையால் பொறுக்கி எடுக்கிறார்கள். ராஜஸ்தானிலும் ஆந்திர, தெலுங்கானாப் பகுதிகளிலும், நம் நாமக்கல், கரூர்ப் பக்கங்களிலும் இந்த வேலை நடக்கிறது. துருக்கியில் சினே, மிலாஸ் வட்டாரத்துச் சோடா ஃபெல்ட்ஸ்பார் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாகிறது.

மின்சூளையில் வெள்ளைப் பாத்திரம் செய்கிறவர்களுக்கு மூட்டைதான். அதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். பொட்டாஷா சோடாவா என்பதை மட்டும் யோசியுங்கள். சோடா ரகம் கொஞ்சம் குறைந்த சூட்டில் உருகி எளிதாக ஓடும், 1220 டிகிரி கிளேஸுக்குக் கைகொடுக்கும். பொட்டாஷ் உருகினாலும் கெட்டியாக நிற்கும், பாத்திரம் சூளையில் தொங்கிப் போகாமல் காக்கும், பீங்கான் உடலுக்கு அதுதான் நல்லது. நெஃபிலின் சையனைட் என்ற கல்லாகக் கனடாவிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வருவது இன்னும் சீக்கிரம் உருகும், குவார்ட்ஸே இல்லாதது. ஆனால் கிளேஸ் வாளியில் அடியில் கல்லாக இறுகிவிடும் பழக்கம் அதற்கு உண்டு.

கண்ணாடிக்கு

இங்கே கணக்கு கடுமை. 100 கிலோ பாட்டில் கண்ணாடியில் ஒன்றரை கிலோ அலுமினா வேண்டும் என்று வையுங்கள். 18 சதவீத அலுமினாவும் 0.1 சதவீத இரும்பும் உள்ள மூட்டை ஃபெல்ட்ஸ்பாரில் 8.3 கிலோ போட்டால் போதும், அதோடு வரும் இரும்பு ஆக்சைடு 8 கிராம். பிரிக்காத கிரானைட் தூளில் 10.7 கிலோ போட வேண்டும், இரும்பு 270 கிராம். சாதாரணச் சன்னல் கண்ணாடியில் 100 கிலோவுக்கு மொத்தமே 100 கிராம் அளவுதான் இருக்கும். ஆகவே பிரிக்காத கிரானைட் பச்சைப் பாட்டிலுக்கும் பழுப்புப் பாட்டிலுக்கும் மட்டுமே. காந்தம் ஓட்டிய மணலில் 43 கிராம் வரும், அதன் மேல் சிலிக்கா மணல் தன் பங்கு இரும்பையும் கொண்டுவரும். வெள்ளைப் பாட்டிலுக்கு அது விளிம்பைத் தொடும். சின்னக் கண்ணாடிப் பட்டறை வைத்திருக்கிறவர்கள் இந்தக் கவலையை விட்டுவிட்டு உடைந்த கண்ணாடியை வாங்கி உருக்குவதே புத்திசாலித்தனம்.

கடைசியாக, கிருஷ்ணகிரியிலோ மதுரையிலோ குவாரி வைத்துக்கொண்டு, "தம்பி, சிங்கப்பூர்ல இருந்து கொஞ்சம் பணம் போடு, மிதப்பு ஆலை போடலாம்" என்று கேட்கும் மாமாக்களுக்கு. மாமா, ஆலை விலைப்பட்டியலை வாங்கும் முன் 50 கிலோ தூளை ஒரு தாதுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். எந்தப் பருமனில் மணிகள் தனித்தனியாகப் பிரிகின்றன, காந்த உருளை வழியாக விட்டபின் இரும்பு எவ்வளவு மிஞ்சுகிறது, அரைக்கும்போது எத்தனை சதவீதம் நைசாகிக் கழிவாகிறது என்று மூன்றே கேள்வி கேளுங்கள். காந்தத்துக்குப் பிறகு 0.5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் குஜராத்தின் மோர்பி டைல்ஸ்காரர்களிடம் பேச ஆரம்பிக்கலாம், ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்த மணலாகவே விற்கலாம், அமிலமே வேண்டாம். அதற்கு மேலே நின்றால் பழையபடி ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் விற்றுக்கொண்டிருங்கள்.